குச்சிப் பலகையும் சாவியும்

ஒரு மருத்துவமனையின் கோடி அறையில் ஒரு குச்சிப் பலகை இருந்தது. பக்கவாதத்தில் கை தளர்ந்தவர்களுக்கு அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் அறை அது. பலகை முழுக்கத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஒரு குச்சியைச் செருக வேண்டும்; பிறகு எடுக்க வேண்டும்.

எத்தனையோ கைகள் அதைத் தொட்டிருந்தன. நடுங்கிய கைகள், வியர்த்த கைகள், மருதாணி மங்கிய கைகள். ஒரு கை போனால் இன்னொரு கை வரும். தனிமை என்றால் என்னவென்று பலகைக்குத் தெரியாது.

கோமளவல்லி என்று ஓர் அம்மாள் வந்தார். கணவர் இல்லை, வீட்டில் தனியாக இருந்தார். "மாசக் கடைசிக்குள்ள நீயே வீட்டைப் பூட்டித் திறக்க முடியலைன்னா, என்னோட ஓசூருக்கு வந்துடணும்" என்று மகன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்த வீட்டை விட்டால் அவருக்குத் தன்னுடையது என்று எதுவும் இல்லை.

அவர் விரல்கள் நாளுக்கு நாள் வேகமாகக் குச்சிகளைச் செருகின.

"நேத்தைவிட இன்னிக்குச் சீக்கிரம்" என்றது நேரம் பார்க்கும் ஸ்டாப்வாட்ச். "எல்லாம் உன் கைராசி."

"எனக்கு ஏது கை?" என்று சிரித்தது பலகை.

நாற்காலியில் கிடந்த கைப்பையிலிருந்து வீட்டுச் சாவி பேசியது. "உங்க கொண்டாட்டம் நல்லாத்தான் இருக்கு, பலகையாரே. நேத்து சாயங்காலம் கதவுக்கு முன்னால நின்னு நின்னு அந்தம்மா படியிலேயே உக்காந்துட்டாங்க. எதிர்வீட்டுக்காரர் வந்துதான் திறந்தார்."

"என்கிட்ட நல்லாத்தானே செய்யறாங்க?"

"உன்கிட்ட செய்வாங்க. என்னைத் திருப்பும்போது இன்னொரு கை பூட்டைப் பிடிச்சுக்கணும். அதை எங்கே பழகினாங்க?"

"இத்தனை வருஷமா எல்லாரும் தேறித்தானே போனாங்க?"

"போனாங்க. தேறினாங்களான்னு யார் பார்த்தது?"



சிகிச்சை தரும் ரெஜினாவுக்கு இந்தப் பேச்சு கேட்கவில்லை. கிளம்பும்போது கோமளவல்லி சொன்னதுதான் கேட்டது. "பலகையில நல்லா வருதும்மா. கதவுலதான் வரமாட்டேங்குது."

ரெஜினா முன்பு வந்துபோனவர்களுக்கு ஃபோன் செய்து கேட்டாள். பலகையில் கெட்டிக்காரராக இருந்தவருக்கு இன்றும் மனைவிதான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். பிறகு ஆய்வுகளை எடுத்து வாசித்தாள். எந்த வேலை வேண்டுமோ அந்த வேலையையே பழகியவர்கள்தான் அதில் தேறியிருந்தார்கள்.

மறுநாள் கோமளவல்லியின் வீட்டுச் சாவியாலேயே திறக்கும்படி அதே மாதிரிப் பூட்டு ஒன்றைச் செய்து வாங்கி, அறையின் அலமாரிக் கதவில் அதே உயரத்தில் மாட்டினாள். பலகையை அந்த அலமாரிக்குள் வைத்தாள்.

இருட்டில் இருந்தபடி பலகை கேட்டுக்கொண்டிருந்தது. சாவி உரசும் சத்தம். வழுக்கி விழும் சத்தம். "இன்னொரு தடவை பாப்போம் கோமளாம்மா" என்ற குரல். முதலில் பலகைக்குக் கோபம் வந்தது. சில நாளில், சாவி விழும்போதெல்லாம் அடுத்த உரசல் கேட்கும்வரை அது காத்திருந்தது.

"இடப்பக்கம் இன்னும் கொஞ்சம் திரும்பு" என்றது பலகை உள்ளேயிருந்து.

"நீ சும்மா இரு" என்றது வெளியே சாவி. பிறகு மெல்ல, "சரி, பேசிக்கிட்டே இரு" என்றது.

ஒருநாள் பூட்டு திறந்தது. கதவு விலகி வெளிச்சம் உள்ளே வந்தது. எதிரே கோமளவல்லியின் முகம். தன்னை எடுக்கத்தான் வருகிறார் என்று பலகை நினைத்தது. அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். கதவைச் சாத்தினார். தன் கையாலேயே பூட்டினார்.

அதன்பின் அவர் வரவில்லை. ஓசூருக்கும் போகவில்லை. அவருடைய வீட்டில் சாயங்காலம் கதவு திறந்தது; உள்ளே யாரும் இல்லை, அவரே விளக்கைப் போட்டுக்கொண்டார்.

மாசக் கடைசி தாண்டிய பின்னும் பலகை அலமாரிக்குள்தான் இருந்தது. வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் காது கொடுத்தது. கை மறுபடி தளர்ந்து வருவது அவராக இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டது.