நந்தி மூக்கு மூழ்கும் வரை

காட்டுக்கு நடுவே ஒரு பழைய சிவன் கோயில் இருந்தது. கோயிலை ஒட்டி ஒரு குட்டை. சுற்று வட்டாரத்தில் இருந்த ஒரே தண்ணீர் அதுதான். இரண்டு வருடமாக மழை இல்லாததால் குட்டை வற்றிக்கொண்டே போய், கரடியின் முழங்கால் அளவுக்கு வந்து நின்றது.

அந்தக் குட்டையில் ஒரு கெண்டை மீன் தன் குஞ்சுகளோடு குடியிருந்தது. மற்ற விலங்குகள் தண்ணீர் தீர்ந்தால் நாலு மலை தாண்டிப் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். கெண்டை எங்கே போகும்? அதனால் ஒருநாள் காலையில் அதுதான் எல்லோரையும் கரைக்குக் கூப்பிட்டது.

"ஏதாவது வழி பண்ணுங்க. எம் பிள்ளைங்க முதுகெல்லாம் வெயில்ல காயுது" என்றது கெண்டை.

முதலில் பேசியவன் கோரையன் என்ற காட்டுப்பன்றி. கோரைக் கிழங்கைத் தோண்டித் தின்பதே அவன் பிழைப்பு. அதனால் அந்தப் பெயர்.

"வடக்கு மூலையில கோரை இன்னும் பச்சையா நிக்குது பாருங்க. அப்படின்னா அடியில ஊத்து இருக்கு. சேறு அடைச்சுக்கிட்டு கெடக்கு. எல்லாருமா சேர்ந்து தோண்டினா மத்தியானத்துக்குள்ள தண்ணி வந்துடும்."

எல்லோரும் அப்போதே எழுந்து தோண்டியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நானும் வேறு வேலை பார்க்கப் போயிருப்பேன். ஆனால் அங்கே கோபுரத்தான் இருந்தானே!

கோபுரத்தான் ஒரு குரங்கு. டவுனில் பெரிய கோயில் கோபுரத்தில் பிறந்தவன். குருக்கள் மந்திரம் சொல்வதை மேலே உட்கார்ந்து மூன்று வருடம் கேட்டவன். கேட்டதில் பாதி அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததில் பாதி மறந்துபோய்விட்டது. மிச்சம் இருந்ததை வைத்துக்கொண்டு காட்டுக்கே சாஸ்திரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

"தோண்டுறதாம், தோண்டுறது!" என்றான் கோபுரத்தான். "மழைக்குன்னு ஒரு முறை இருக்கு. நந்தி உட்கார்ந்திருக்கிற தொட்டியில தண்ணி ரொப்பணும். நந்தி மூக்கு மூழ்கணும். அதுக்கு மூச்சு முட்டினா சிவன் மனசு தாங்காது, மழையை அனுப்பிடுவார். பெரிய கோயில்ல நான் கண்ணால பார்த்திருக்கேன்."

"தண்ணியை எங்கேருந்து எடுப்பீங்க?" என்று கேட்டது கெண்டை.

"வேற எங்க? இங்கேருந்துதான்."

"ஐயா, குட்டையில தண்ணி இல்லேன்னுதானே உங்களைக் கூப்பிட்டேன்?"

"மழை வந்தா எல்லாம் ரொம்பிடும். நம்பிக்கை வேணும்" என்று கண்ணை மூடிக்கொண்டான் கோபுரத்தான்.

கரடி தலையாட்டியது. மிளா மான் தலையாட்டியது. மயில் கழுத்தை நீட்டி, "முருகனையே சுமக்கிற குலம் நாங்க. சாமி காரியம்னா நான் முன்னாடி நிப்பேன்" என்றது. முருகனைச் சுமப்பதற்கும் குட்டையைக் காலி செய்வதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

கோரையன் போய்த் தொட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தான். "சரி, உங்க இஷ்டம். ஆனா தொட்டிக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கு. அபிஷேகத் தண்ணி வெளியே போறதுக்கு வெச்சது. அதையாவது அடைச்சுட்டு ஊத்துங்க" என்றான்.

கோபுரத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "சாமி இடத்துல ஓட்டை உடைசல்னு பேசறான் பாரு! சேத்துல புரள்றவன் நிழல் பட்டாலே பூஜை கெட்டுடும். போ, ஆலமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நில்லு. நான் கூப்பிடற வரைக்கும் வரக்கூடாது."

கோரையன் கெண்டையைப் பார்த்தான். கெண்டை வாயைத் திறந்து மூடியது. அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு ஆலமரத்துக்கு அந்தப் பக்கம் போனான்.

வேலை ஆரம்பித்தது. கரடி சுரைக்குடுக்கையில் மொண்டது. மிளா கொம்பில் குடுக்கையைத் தொங்கவிட்டுக்கொண்டது. மயில் அலகில் எடுத்தது. மயில் அலகில் எவ்வளவு கொள்ளும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் குடுக்கை போவதற்குள் கோபுரத்தான் கையைத் தூக்கினான். "நில்லுங்க! யாராவது குளிச்சீங்களா? ஸ்நானம் பண்ணாம அபிஷேகத் தண்ணியைத் தொடலாமா?"

எங்கே குளிப்பது? அதே குட்டையில்தான். கரடி இறங்கிப் புரண்டு எழுந்தபோது அதன் ரோமத்தோடு கால்வாசித் தண்ணீர் கரையேறியது. பிறகு கரடி தும்மியது. "தும்மினா மறுபடியும் குளிக்கணும்" என்றான் கோபுரத்தான். கரடி மறுபடியும் குளித்தது. ஈர உடம்போடு நின்றதால் மறுபடியும் தும்மியது. எனக்குச் சொல்லவே வாய் கூசுகிறது, மூன்றாவது தடவையும் குளித்தது.

நடுவில் ஒரு சண்டை வேறு. மூக்கு மூழ்க வேண்டுமா, கழுத்து மூழ்கினால் போதுமா என்று மிளா கேட்டுவிட்டது. மயில் கழுத்துதான் என்றது. கரடி மூக்குதான் என்றது. குடுக்கைகளை வெயிலில் வைத்துவிட்டு மூன்றும் ஒரு நாழிகை வாதாடின.

உச்சிவேளை ஆயிற்று. நந்தியின் மடக்கிய முழங்கால்கூட நனையவில்லை. ஊற்றிய தண்ணீரெல்லாம் ஓட்டை வழியே போய்ப் பாறையில் பரவி, ஆவியாகிக்கொண்டிருந்தது. வானத்தில் கைக்குட்டை அளவுக்குக்கூட மேகம் இல்லை. குட்டையில் வெறும் சேறு. அந்தச் சேற்றில் கெண்டைக்குஞ்சுகள் பக்கவாட்டில் விழுந்து துடித்தன.

"உங்களுக்குப் பக்தி போதலை. யாரோ சரியா குளிக்காம சுமந்திருக்கீங்க" என்றான் கோபுரத்தான்.

கெண்டை ஆலமரத்துப் பக்கம் திரும்பியது. செவுளில் மிச்சமிருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "கோரையா! எம் பிள்ளைங்க போகுதுடா!" என்று கத்தியது.

ஆலமரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கோரையன் பாய்ந்து வந்தான்.

"நில்லு! குட்டை தீட்டாயிடும்!" என்று கோபுரத்தான் குறுக்கே குதித்தான்.

"எந்தக் குட்டை?" என்றான் கோரையன். கோபுரத்தான் திரும்பிப் பார்த்தான்.

கோரையன் வடக்கு மூலைக்குப் போய்ப் பச்சைக் கோரையின் அடியில் கோரைப்பல்லைக் குத்தினான். முகத்தால் முட்டித் தள்ளினான். காலால் வாரி எறிந்தான். காது வரை சேறு. மூச்சு இரைத்தது. இரண்டு முழ ஆழம் போனபிறகு அடியில் ஏதோ கொப்பளித்தது. முதலில் கலங்கலாக வந்தது, பிறகு தெளிவாக வந்தது. தண்ணீர் குழியை நிரப்பி, சேற்றின்மேல் பரவிக் குஞ்சுகளைத் தொட்டது. ஒரு குஞ்சு நிமிர்ந்தது. அடுத்தது நிமிர்ந்தது. இரண்டு குஞ்சுகள் நிமிரவேயில்லை. கெண்டை அந்த இரண்டையும் சுற்றிச் சுற்றி வந்தது.

கரடி வெட்கத்தோடு குனிந்து ஒரு வாய் குடித்தது. நிமிர்ந்தபோது கருவறையின் பின்சுவர் அதன் கண்ணில் பட்டது. அங்கே ஒரு மாடத்தில், கல் சிற்பத்தில், சிவன் நெருப்புத் தூணாக நின்றார். தூணின் உச்சியைத் தேடி ஒரு அன்னம் பறந்தது. தூணின் அடியில் ஒரு உருவம் தலைகீழாகப் பூமியைக் குடைந்துகொண்டிருந்தது. கோபுரத்தான் தினமும் முதுகு சொறிந்துகொள்வது அந்த உருவத்தின் மேல்தான்.

"அது பன்றியில்ல?" என்று கேட்டது கரடி.

"வாயைக் கழுவு! அது வராகம். சிவனோட அடியைத் தேடிப் பெருமாள் எடுத்த ரூபம்" என்றான் கோபுரத்தான். சொன்னபிறகு அவனே கொஞ்சம் யோசித்தான். "ஓஹோ! இந்த வராகமூர்த்தி கருணையாலதான் தண்ணி வந்திருக்கு. சீக்கிரம் பூ கொண்டு வாங்க!"

மயிலும் மிளாவும் கொன்றைப்பூவுக்கு ஓடின. கல்வராகத்தின் கழுத்தில் மாலை ஏறியது. கரடியும் ஒரு பூவோடு வரிசையில் நின்றது. கோரையன் சேறு சொட்டச் சொட்டக் குழியிலிருந்து ஏறி, என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தான்.

"கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. பூஜை நடக்குது. உன் காலெல்லாம் சேறு" என்றான் கோபுரத்தான்.

கோரையன் தன் காலைப் பார்த்தான். மாடத்தில் இருந்த வராகத்தின் காலையும் பார்த்தான். "அவரும் மண்ணைத்தானே தோண்டுறாரு. அவர் கால்லயும் அதேதான்யா" என்றான். ஊற்றின் வாயை இன்னும் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருந்தது, திரும்பிப் போனான்.

கரடி கையிலிருந்த பூவைப் பார்த்தது. பூவைக் கீழே வைத்துவிட்டு, அவன் பின்னாலேயே போய்க் குழிக்குள் இறங்கிச் சேற்றை அள்ளிப் போட ஆரம்பித்தது. இந்தத் தடவை அது குளிக்கவில்லை.

கல்லில் செதுக்கிய தெய்வத்துக்கு மாலை போட்டுவிட்டு, அதே வேலையைக் கண்ணெதிரே செய்கிறவனைத் தள்ளி நிற்கச் சொன்னால், நாம் கும்பிட்டது வெறும் கல்லைத்தான்.