அகன்ற வகிடு

செண்பகவல்லி துறவு வேண்டி மடத்துக்கு வந்தபோதே தலையில் முக்காடு இருந்தது. பெண் துறவிகள் மட்டுமே வாழும் மடம் அது. தீட்சை பெறும் நாளில்தான் அங்கே தலையை மழிப்பார்கள். அந்த நாளுக்காக அவள் காத்திருந்தாள்.

நாளாக நாளாக வகிடு அகன்றது. உச்சியில் தோல் தெரிந்தது.

மலையடிவாரத்து வைத்தியர் முடியை விலக்கிப் பார்த்தார். பெருங்காய்ச்சல் வந்ததா, பிள்ளை பெற்றாளா, இழுத்துக் கட்டிப் பின்னுவாளா என்றெல்லாம் விசாரித்தார். எதுவும் இல்லை.

"உங்கள் அம்மாவுக்கு?"

"இப்படித்தான்."

"அப்படியானால் பரம்பரை. வேர் சாகவில்லை, சுருங்குகிறது. உதிர்ந்த இடத்தில் மறுபடியும் முளைக்கும். ஆனால் முன்னைவிட மெலிந்துதான் முளைக்கும். போகப்போக வெறும் பூனைமுடியாகிவிடும். மருந்து தருகிறேன், வேகம் குறையலாம். பழையபடி ஆகும் என்று சொல்லமாட்டேன்."

மருந்தை வாங்காமலே எழுந்து வந்துவிட்டாள். நேராகக் குரு அருளம்மையிடம் போனாள். அவர் இவளைவிட வயதில் இளையவர்.

"அம்மா, எனக்கு நாளைக்கே தீட்சை கொடுங்கள்."

"என்ன அவசரம்?"

"நாளை மறுநாள் என் தங்கை என்னைப் பார்க்க வருகிறாள்."

அருளம்மை அவள் முக்காட்டைப் பார்த்தார்.

"மழித்த தலைகளுக்கு நடுவே உன் தலை தெரியாது. அதுதானே?"

செண்பகவல்லி குனிந்துகொண்டாள்.

"தங்கை வரட்டும். அவள் கையால் தலை வாரிக்கொள். பிறகு வா."

குமுதா வந்தாள். கிணற்றடியில் அக்காளும் தங்கையும் உட்கார்ந்தார்கள். செண்பகவல்லி முக்காட்டை எடுத்தாள்.

குமுதா அந்தத் தலையையே பார்த்தாள். பிறகு தன் கொண்டையை அவிழ்த்தாள். பூவோடு சவுரிமுடியும் கழன்று மடியில் விழுந்தது.

"உனக்குமாக்கா? எனக்கு மட்டுந்தான்னு நெனச்சேன். அவர் முன்னாடிகூட இத அவுத்ததில்ல."

சொல்லிவிட்டு அழுதாள். செண்பகவல்லி அவளைத் திருப்பி உட்காரவைத்து, சிக்கெடுத்து, வலிக்காமல் வாரினாள். பிறகு குமுதா அக்காவுக்கு வாரினாள். சீப்பில் வந்த முடியை இருவருமே ஒளிக்கவில்லை.

தங்கை ஊருக்குக் கிளம்பியதும் செண்பகவல்லி குருவின் முன் போய் நின்றாள்.

"கத்தியை எடுக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார் அருளம்மை.

அவள் கை தானாக உச்சிக்குப் போனது.

"மனசு வரவில்லை அம்மா. இருக்கிற கொஞ்சமும் போய்விடுமே என்றிருக்கிறது."

"இப்போதுதான் கொடுப்பதற்கு உன்னிடம் முடி இருக்கிறது" என்றார் அருளம்மை.