கரிசல் பொட்டு

கோவில்பட்டி எப்சிபா லேசுப்பட்டவளா? இடது பக்கம் வரும் ஹாக்கிப் பந்தை, மட்டையைத் திருப்பி அதன் விளிம்பால் அடிக்கத் தானாகவே பழகிக்கொண்டவள். கோச் செண்பகராஜுக்கு அது பொறுக்கவில்லை.

“எல்லார் முன்னாடியும் அப்படி ஒரு கோல் போடு, டீம்ல சேர்த்துக்கிறேன். மட்டையோட உருண்ட முதுகு பட்டா ஃபவுல், வீட்டுக்குப் போயிரணும்!”

எப்சிபா ஈரக் கரிசல் மண்ணை எடுத்து மட்டை விளிம்பில் தடவினாள்.

“என்ன, மை தீட்டுறியா?”

“திருஷ்டி பட்டுரக் கூடாதுல்ல சார்.”

முழங்காலை மடக்கி ஒரே வீச்சு. கோல் பலகை அதிர்ந்தது.

“ஃபவுல்! முதுகுல பட்டுச்சு!” என்று கத்தினார் கோச்.

எப்சிபா பந்தை எடுத்து வந்து நீட்டினாள். வெள்ளைப் பந்தில் மெல்லிய கறுப்புக் கீற்று விழுந்திருந்தது. மட்டையின் முதுகோ சுத்தமாக இருந்தது.

“யார் கண்ணு படும்னு தெரிஞ்சுதான் சார் பூசினேன். என் ஜெர்சியைக் கொடுங்க” என்றாள், நிமிர்ந்து நின்று.