கரடி உயர்த்திக் கட்டிய கொடி

“கரடியண்ணே, உங்கள் வண்டிப் புல் என் கூட்டின் அடியை உரசிக்கொண்டு போகிறது, உள்ளே மூன்று முட்டை இருக்கிறது, கொஞ்சம் குறைத்து ஏற்றக்கூடாதா?”

தூக்கணாங்குருவி சொன்னது இவ்வளவுதான். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதற்குக் கரடி, புல்பாரத்தின் உச்சியில் சாய்ந்தபடியே, “உன்னை யாரம்மா பாதைக்கு மேலே வீடு கட்டச் சொன்னது?” என்று கேட்டது.

கேட்கிற கேள்வியைப் பாருங்கள். குருவி அந்தக் கருவேல மரத்துக்குக் குடிவந்த பிறகுதான் கரடி வண்டித் தொழிலையே ஆரம்பித்தது.

அந்தக் காட்டில் பாரம் ஏற்றுகிறவர்களுக்கு ஒரே ஒரு சட்டம். பாதை தொடங்கும் இடத்தில், இரண்டு மரங்களுக்கு நடுவே குறுக்காக ஒரு கொடி கட்டியிருக்கும். பாரம் அதைத் தொடக்கூடாது. தொட்டால் இறக்கி, குறைத்துவிட்டுத்தான் போகவேண்டும். கொஞ்ச தூரத்தில் பாதை ஒரு பாறை வளைவுக்கு அடியில் நுழையும். வளைவைத் தாண்டினால் குருவியின் மரம். கொடிக்குள் அடங்கிய பாரம் பாறையிலும் இடிக்காது, கூட்டிலும் உரசாது. கொடி கட்டியதே அதற்காகத்தான்.

கரடியின் கம்பெனிக்கு ‘கரடி அண்ட் சன்ஸ்’ என்று பெயர். மகன்கள் வேலை செய்து யாரும் பார்த்ததில்லை. வண்டியை இழுப்பது எருமை. மழை வருவதற்குள் அக்கரை மான்களுக்குக் காய்ந்த புல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இரண்டு நடை அடிக்க வேண்டிய புல்லைக் கரடி ஒரே நடையில் ஏற்றிவிடும். கொடி வந்ததும், உச்சியில் உட்கார்ந்தபடியே அதைக் கையால் தூக்கிப் பிடித்து, குனிந்து, அடியில் நழுவிவிடும்.

குருவி காவலரிடம் போய் முறையிட்டது. பகல் காவலுக்கு ஆந்தையைப் போட்டிருந்தார்கள். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், சிங்கத்தின் ஆபீஸில் அப்படித்தான். ஆந்தை ஒரு கண்ணை மட்டும் திறந்து, எந்த வண்டியும் கொடியை மீறிப் போனதைத் தான் பார்த்ததே இல்லை என்றது. உண்மைதான். அது எதைத்தான் பார்த்தது?

வீட்டுக்காரரிடம் சொல்லலாம் என்றால், அவர் இந்தக் கூட்டை முடித்த கையோடு பக்கத்து மரத்தில் இன்னொன்று ஆரம்பித்திருந்தார். கூட்டைக் கொஞ்சம் தள்ளி மாட்டிக்கொள்ளக்கூடாதா என்று அங்கிருந்தே யோசனை சொன்னார். முட்டையோடு கூட்டைத் தள்ளி மாட்டுவதாம். கட்டினவர் பேசுகிற பேச்சு இது.

இதற்கிடையில், தினமும் குனிந்து குனிந்து கரடிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அது யோசித்தது. ஒரு நாள் கொடியை அவிழ்த்து, இரண்டு கிளைகளுக்கு மேலே உயர்த்திக் கட்டிவிட்டது. இனி எந்தக் குருவியும் தன்னைச் சட்டத்தை மீறியவன் என்று சொல்ல முடியாதே என்று அதற்கு ஒரே சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் புல்லைப் புதிய கொடி வரைக்கும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது.

பாறை வளைவு கண்ணில் பட்டதும் எருமை நின்றது. “முதலாளி, பாறை இடிக்கும் போலிருக்கிறதே.”

“கொடியில் பட்டதா?”

“படவில்லை.”

“கொடியில் படாதது பாறையில் எப்படியடா படும்? அதற்குத்தானே கொடி கட்டியிருக்கிறார்கள். இழு.”

எருமை இழுத்தது.

வளைவுக்கு அப்பால் குருவிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தது. வருகிற பாரம் கூட்டின் உயரத்துக்கு இருந்தது. இன்று உரசிக்கொண்டு போகாது, கூட்டையே பிய்த்துக்கொண்டு போய்விடும். முட்டைக்குள்ளே அப்போதுதான் அலகால் தட்டுகிற சத்தம். குருவி உள்ளே போய் முட்டைகள் மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

தடால் என்று ஒரு சத்தம். கூடு அசையவில்லை. குருவி தலையை நீட்டிப் பார்த்தால், வண்டி வளைவுக்குள் ஆப்பு அடித்ததுபோல் இறுகி நின்றது. பாறைக்கும் புல்லுக்கும் நடுவே கரடி. வெளியே தெரிந்தது தலையும் ஒரு கையும்தான்.

எருமை நுகத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு, பாரத்தைக் குறைக்கிறேன் என்று புல்லைத் தின்ன ஆரம்பித்தது. அவசரம் இல்லாமல் தின்றது. ஆந்தையைக் கூப்பிட்டதற்கு, கொடியைத் தொடாத வண்டி சட்டப்படி எங்கேயும் மாட்டிக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு அது மறுபடி தூங்கிப்போனது.

முதல் குஞ்சு ஓட்டை உடைத்து வெளியே வந்தது. குருவிக்கு அதற்கு மேல் வேடிக்கை பார்க்க நேரம் இல்லை.

அளவுக் கொடியை அவரவர் வசதிக்கு உயர்த்திக் கட்டிக்கொள்ளலாம், பாறை யாருக்காகவும் உயர்ந்து கொடுக்காது.

“குருவியம்மா,” என்றது கரடி, ரொம்ப மரியாதையாக. “வண்டியைப் பின்னால் இழுக்க ஒரு யானையைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்?”