விழும் இடத்து ஒலி

கோயமுத்தூர் சிகாமணி இருபது வருடம் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். அவர் கை வைத்தால் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர்களின் கால்கூடத் தாளம் போடும் என்று பேர். ஐம்பது தாண்டியதும் அந்தப் பேர் அவருக்கே சலித்துப்போனது. கம்ப்யூட்டரில் புதுப்புது ஓசைகளை உண்டாக்கி, நவீன நடனங்களுக்கு இசை அமைக்கும் நிறைமதியிடம் போய் நின்றார்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க அம்மணி."

நிறைமதிக்கு அவர் மகள் வயதுக்குச் சற்று மேலே இருக்கும். "வாங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் ஒரு முழு வேலையை அவரிடம் விட்டாள். ரோஸ்லின் என்பவளின் தனி நடனம். மேடையில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, இனி ஆடவே முடியாது என்று டாக்டர்கள் சொல்ல, நெடுநாள் கட்டிலில் கிடந்து எழுந்தவள். விழுவதும் எழுவதும்தான் அவளுடைய புது ஆட்டம். அடிபட்ட பிறகு மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை.

சிகாமணி ஒரு குடோனின் இரும்புக் கதவை அறைந்து சாத்தும் சத்தத்தைப் பதிவு செய்தார். அதை நொறுக்கி, இழுத்து, பெருக்கி, அவள் விழும் இடத்தில் வைத்தார். ஒத்திகைக் கூடத்தின் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன.

ரோஸ்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அந்த இடத்துல நான் விழவே வேண்டியதில்லீங்கண்ணா. உங்க சத்தமே விழுந்துருது."

சிகாமணி நிறைமதியைப் பார்த்தார். அவள் அடுத்த ஒத்திகைக்கு நாள் குறித்தாள்.

வீட்டுக்குப் போனவர், மனைவி அடுப்படியில் முணுமுணுத்த ஒரு ராகத்தைப் போனில் பதிவு செய்தார். வார்த்தை எல்லாம் கரைந்து, பனி இறங்குவதுபோல ஆகும்வரை அதை மெல்லிசாக்கினார். கேட்டபோது அவருக்கே கண் கலங்கியது.

மறுவாரம் ரோஸ்லின் அதற்கு விழுந்தாள். எழவில்லை. இசை முடிந்தும் கிடந்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது.

"அழகா இருக்குங்கண்ணா. ஆனா எந்திரிக்கவே மனசு வரமாட்டேங்குது. மறுபடியும் அந்தக் கட்டில்லயே படுத்த மாதிரி இருக்குது."

தண்ணீர் குடிக்க வெளியே போனாள்.

சிகாமணி லேப்டாப்பை மூடினார்.

"வேற ஆளைப் பார்த்துக்கங்க அம்மணி. ஆட வெக்கத் தெரியும். அழ வெக்கத் தெரியும். விழறவங்களுக்கு என்ன சத்தம் போடறதுன்னு எனக்குத் தெரியலீங்க."

"மூட்டு வலி ஏதாச்சும் இருக்குங்களாண்ணா?"

"இல்லீங்க."

"அப்ப விழுங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு, பலகைத் தரையின் நடுவே போய் நின்றார். முட்டியை மடக்கி, கையை ஊன்றி, பதமாக இறங்கினார்.

"இது உக்கார்றதுங்கண்ணா."

எழுந்தார். கண்ணை மூடிக்கொண்டு உடம்பை விட்டுவிட்டார். முழங்கை நங்கென்று இடித்தது. கன்னம் பலகையில் ஒட்டிக்கொண்டது. வலியைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. யாராவது ஓடிவருவார்கள் என்று காது காத்திருந்தது. வாசலில் ரோஸ்லின் நிற்பது தெரிந்தது. அவளும் வரவில்லை.

"எந்திரிக்கட்டுங்களா?"

நிறைமதி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கிடந்தார். கொஞ்ச நேரத்தில், கன்னத்துக்குக் கீழே பலகை மெல்ல அதிர்வதை உணர்ந்தார். பக்கத்துக் கிரைண்டர் பட்டறையில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமாக இந்தக் கூடத்தில் நடமாடியும் ஒருநாள்கூட அது அவருக்குக் கேட்டதில்லை. அது பாட்டுக்கு ஓடியது. அவர் விழுந்ததைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அது இருந்தது.

உள்ளங்கையை ஊன்றி எழுந்து வந்தார். லேப்டாப்பைத் திறந்து, அதுவரை செய்ததை எல்லாம் அழித்தார்.

நடனத்தன்று பெரிய ஸ்பீக்கர்களை மேடைப் பலகைக்கு அடியில் படுக்க வைத்தார். அவற்றிலிருந்து அந்தப் பட்டறை மோட்டாரைப்போல ஒரே ஒரு ஒலி வந்தது. காதுக்கு எட்டியும் எட்டாமலும் அத்தனை கீழே; பலகையில் கன்னம் வைத்தால்தான் அதிர்வது தெரியும்.

ரோஸ்லின் விழுந்தாள். ஒத்திகையில் கிடந்ததைவிட அதிக நேரம் கிடந்தாள். அரங்கில் யாரோ இருமினார்கள். பழைய பழக்கத்தில் சிகாமணியின் விரல் ஒரு பட்டனைத் தேடிப் போனது. இன்னொரு கையால் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

அவள் பலகையில் கன்னத்தை வைத்தபடி கண்ணைத் திறந்தாள். அவசரமே இல்லாமல் எழுந்தாள்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. எல்லோரும் ரோஸ்லினைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் போகிற போக்கில் சிகாமணியிடம் நின்றார்.

"டான்ஸ் பிரமாதமுங்க. மியூசிக் போட மறந்துட்டீங்களா?"

சிகாமணி தலையை ஆட்டிவைத்தார். கூட்டம் கலைந்த பின் வயர்களைச் சுருட்டிக்கொண்டே நிறைமதியிடம் கேட்டார்.

"நான் வாசிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும் அம்மணி. இன்னிக்கு முன்னாடி உக்காந்திருந்தவருக்கே கேக்கலீங்களே?"

நிறைமதி வயரின் மறுமுனையைத் தரையிலிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"அவரு இன்னும் விழுகலீங்கண்ணா."