பற்றுக்கு விடுபட்ட ஒரு பொருள்

வித்துவான் வேதகிரி தும்மினால் அந்தத் தும்மலுக்கும் நாலு பொருள் சொல்வார். பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து அகராதி எழுதியவர் இல்லையா! அந்த அகராதிக்கு அட்டை ஒட்டப் பசை காய்ச்சுகிறவள் செங்கமலம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கு ஐயா. பத்து நாள் லீவு வேணும்."

"வேலை பாதியில் கிடக்கிறது. மகள்மேல் அத்தனை பற்றா? சரி, பற்று என்ற சொல்லுக்கு என் அகராதியில் இல்லாத ஒரு பொருளைச் சொல். அனுப்புகிறேன்."

"அதுல என்ன இருக்குன்னு முதல்ல படிங்க ஐயா."

"பற்று என்றால் பாசம்."

"பாசம்னா?"

பக்கத்தைப் புரட்டினார். "பிணைப்பு."

"பிணைப்புன்னா?"

மறுபடியும் புரட்டினார். "பற்று."

"பற்றுன்னா?"

"பாசம்..." வித்துவானின் குரல் இறங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை தேடினார். அதே மூன்று பக்கங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன.

செங்கமலம் பசைக் கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்கே போனாலும் சுத்திச் சுத்திப் பழைய இடத்துக்கே வந்து நிக்கிறதுதான் ஐயா பற்று. இது உங்க புஸ்தகத்துல இல்லையே?"

வித்துவான் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சொன்னதை அப்படியே அகராதியின் ஓரத்தில் எழுதிவிட்டு, "போய் வா" என்றார்.

நாலாம் நாள் காலையிலேயே பசைச் சட்டி அடுப்பில் இருந்தது.

"பத்து நாள் கேட்டாயே, அதற்குள் வந்துவிட்டாயா?"

"பேரனைக் கொஞ்சிட்டுத்தான் இருந்தேன். நீங்க வேளைக்குச் சாப்பிட்டீங்களோ இல்லையோன்னு நினைப்பு வந்துடுச்சு. அந்தப் பொருளை எழுதி வச்சது நீங்கதானே ஐயா!"