பழைய பெட்டிக்கு வைத்த பொட்டு

சி.டி. உள்ளே போய்விட்டது. திரையில் எழுத்தும் வந்துவிட்டது. அதைப் படித்த மன்னர் குமாரவர்மருக்குத்தான் மீசை துடித்தது.

‘இந்த சி.டி. எந்தக் கணினியோடு வந்ததோ, அந்தக் கணினியில்தான் ஓடும். ஓட வைக்கும் ஒப்புதல் சொல்லுக்கு, விற்றவரைக் கேட்கவும்.’

விற்றவன் பக்கத்திலேயே நின்றான். பேர் நாகரத்தினம். தாழையூர் ராஜ்யத்தில் கணினி விற்கிற ஒரே ஆள். ஒரே கடை வைத்திருப்பவன் எப்படிப் பேசுவான் என்று தனியாகச் சொல்ல வேண்டாம்.

நடந்தது இதுதான். மன்னரின் பழைய கணினி செத்துப்போனது. புதுசு வாங்கும்போது, அதை ஓட வைக்கிற சாஃப்ட்வேரும் வேண்டுமா என்று நாகரத்தினம் கேட்டான். பழசோடு கொடுத்த சி.டி. வீட்டில் சும்மாதானே கிடக்கிறது என்று மன்னர் வெறும் கணினியை மட்டும் தூக்கிவரச் சொல்லிவிட்டார். ராஜாவாக இருந்தால் என்ன, வீட்டில் ஒன்று கிடக்கும்போது இன்னொன்று வாங்க யாருக்கு மனசு வரும்? அதோடு விட்டாரா? பக்கத்து நாட்டு ராஜாவை மறுநாள் விருந்துக்குக் கூப்பிட்டு, என் கணினி உங்களைப் பேர் சொல்லி வரவேற்கும் என்று பெருமையும் அடித்திருந்தார்.

“ஏம்பா, கணினி செத்தா சி.டி.யும் உடன்கட்டை ஏறணுமா?” என்று கேட்டார்.

நாகரத்தினம் ரொம்பப் பணிவாகக் குனிந்தான். சட்டம் அப்படித்தான் என்றான். வேறு சி.டி. தருவதாகவும் சொன்னான். தங்கம் வெள்ளி எல்லாம் வேண்டாமாம். அரண்மனையை ஒட்டிய மாந்தோப்பை எழுதிக் கொடுத்தால் போதுமாம்.

போர் வந்தாலும் மன்னர் அந்தத் தோப்பு மாம்பழத்தைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் கிளம்புவார். கடைக்காரனைத் திட்டவும் வழியில்லை, நாளைக்கு மவுஸ் ரிப்பேரானால் அவனிடம்தான் போக வேண்டும். அதனால் கோபம் வழக்கம்போல மருதையன் மேல் பாய்ந்தது. மருதையன் சபையில் யோசனை சொல்கிறவன். யோசனை சரியாக இருந்தால் அது மன்னருடையது, தப்பானால் மருதையனுடையது.

“இருட்டறதுக்குள்ள இது ஓடணும். தோப்பும் போகக் கூடாது. இல்லேன்னா நாளையிலேர்ந்து நீ யானைக் கொட்டில்ல சாணி அள்ளு.”

மருதையன் வெளியே போனான். ஓடிவிட்டான் என்றே சபை பேசிக்கொண்டது. சேனாதிபதி அவனுடைய நாற்காலி தனக்கு வாகாக இருக்குமா என்று உட்கார்ந்தும் பார்த்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் மருதையன் திரும்பி வந்தான். தலையில் அந்தச் செத்துப்போன கணினியின் பெட்டி. நடுச்சபையில் அதை இறக்கினான். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் புதுக் கணினியைப் பிரித்தான். மதர்போர்டு, ஹார்டு டிஸ்க், மின்விசிறி என்று உள்ளே இருந்ததை எல்லாம் கழற்றிப் பழைய பெட்டிக்குள் மாட்டினான். சி.டி.யைப் போட்டான். அதே வரிதான் வந்தது.

“ஒப்புதல் சொல்லைச் சொல்லுங்க, நாகரத்தினம். இந்த சி.டி. வந்தது இந்தக் கணினியோடதான்.”

நாகரத்தினம் வயிறு குலுங்கச் சிரித்தான். உள்ளே இருப்பது முழுக்கப் புதுசு, வெறும் தகரம்தான் பழசு, இதை அதே கணினி என்று சின்னப் பிள்ளைகூட ஒத்துக்கொள்ளாது என்றான்.

மருதையன் பெட்டியின் முன்பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். நாகரத்தினம் கடை முத்திரை. அதற்கு மேலே காய்ந்துபோன சந்தனம், குங்குமம்.

“இந்தப் பொட்டை வெச்சது யாரு?”

“நான்தான். போன ஆயுத பூஜைக்கு.”

“அதுக்கு முந்தின நாள் உள்ள இருந்ததை எல்லாம் மாத்துனீங்களே, ஞாபகம் இருக்கா?”

சபைக்கே ஞாபகம் இருந்தது. எல்லாம் மாறிவிட்டதால் வாரண்டியைப் புதுசாக எழுதித் தரச் சொல்லி அன்றைக்கு மன்னர் கேட்டார். உள்ளே எதை மாற்றினாலும் கணினி பழசுதான் என்று நாகரத்தினம் சாதித்தான். பொட்டைப் பெட்டிக்குத்தானே வைக்கிறோம், பிரித்து உள்ளே மதர்போர்டுக்கா வைக்கிறோம் என்று கேட்டுக்கொண்டே சந்தனத்தை அப்பினவனும் அவன்தான். வாரண்டியை எழுதித் தரவே இல்லை.

“அன்னிக்கு நீங்க சொன்னது சரின்னா, இது அதே பழைய கணினி. ஒப்புதல் சொல்லைக் குடுங்க. உள்ள மாத்துனா புதுசாயிடும்னா, அன்னிக்கே அது புதுசு. ஒரு வருஷ வாரண்டி இன்னும் முடியல, அடுத்த ஆயுத பூஜை வரலையே. செத்துப்போனதுக்குப் பதிலா வேற கணினி இறக்குங்க, சி.டி.யோட. எது வசதின்னு நீங்களே சொல்லுங்க.”

நாகரத்தினம் முத்திரையைப் பார்த்தான். பொட்டைப் பார்த்தான். மருதையன் காதில் மட்டும் கேட்கிற மாதிரி ஒரு சொல்லைச் சொன்னான்.

கணினி ஓடியது. மன்னர் சிம்மாசனத்தில் புரண்டு புரண்டு சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றி மருதையனுக்குப் போட்டார். தோப்பிலிருந்து ஒரு கூடை மாம்பழமும் கொடுக்கச் சொன்னார். சேனாதிபதி எழுந்து தன் நாற்காலிக்குப் போனார்.

அப்புறம்தான் மன்னருக்கு மூக்கில் ஏதோ ஏறியது. பெட்டியை மோந்து பார்த்தார். புளி வாசனை.

“மருதையா, செத்த அன்னிக்கே இதை அகழில தூக்கிப் போடுன்னு சொன்னேனே?”

“சொன்னீங்க, மகாராஜா. போற வழியில என் வீடு இருந்துச்சு. வீட்டுக்காரி புளி போட்டு வைக்க ஒரு டப்பா கேட்டுக்கிட்டே இருந்தா.”

மன்னர் தலையில் அடித்துக்கொண்டார். மூலையில் புதுப் பெட்டி உள்ளே ஒன்றும் இல்லாமல் பளபளவென்று நின்றது. நாளைக்கு விருந்தாளி வந்து பார்த்தால் மானம் போகும் என்று, அதையாவது ஒழுங்காகக் கொண்டுபோய் அகழியில் போடச் சொன்னார்.

“உத்தரவு, மகாராஜா” என்று மருதையன் அதைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினான்.

வழியில் அவன் வீடு இருந்தது. புளி தரையில் கொட்டிக் கிடந்தது.